எந்தப் பாத்திரம் அதிகம் கொள்ளும்?

நோன்பு மாதத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் பிற்பகல் வேளையில் கஞ்சி காய்ச்சி வழங்குவது வழக்கம். பாலாற்றங்கரையில் ஆற்காட்டை அடுத்துள்ள மேல்விஷாரம் போன்ற ஊரில் அந்நேரம் தெருவில் நின்று பார்த்தால், ஏனங்களை ஏந்திய சிறுவர் சிறுமியரைக் காணலாம். ஒருவர் கையில் ஒடுங்கி உயர்ந்த தூக்கு இருக்கும்; இன்னொருவர் கையில் வாயகன்ற சட்டி இருக்கும்; மற்றொருவர் டிபன் கேரியரின் ஓர் அடுக்கை மட்டும் கொண்டுவந்திருப்பார்.

அந்த வரிசையில் ஓர் அக்காளும் ஐந்து வயதுத் தம்பியும் நிற்பதாக எண்ணிக்கொள்வோம். அவர்களிடம் இருப்பது அகன்ற சட்டி. முன்னால் நின்ற பையனிடம் இருப்பது தூக்கு. இருவருக்கும் அண்டாவிலிருந்து மும்மூன்று கரண்டி மொண்டு ஊற்றப்படுகிறது. தம்பியின் முகம் வாடிவிடுகிறது.

“அக்கா, அவனுக்கு நிறைய ஊத்தினாங்க. நமக்குக் கொஞ்சம்தான்.”

“இல்லைடா, ரெண்டு பேருக்கும் மூணு கரண்டிதான்.”

“பொய். அவனுக்குக் கழுத்து வரைக்கும் இருக்கு. நமக்கு அடியிலேதான் கிடக்கு.”

அக்காள் சிரிக்கிறாள். தம்பி சிரிக்கவில்லை. அவன் பிடிவாதம் பிடிக்கிறான் என்று நாம் நினைக்கலாம். உண்மையில் அவன் கண் கண்டதைத்தான் சொல்கிறான். கண் அவனை ஏமாற்றுகிறது. இந்த ஏமாற்றத்தின் காரணம் என்ன, அதிலிருந்து குழந்தை எவ்வாறு விடுபடுகிறது, அதற்கு நாம் எவ்விதம் உதவலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கண் காண்பது உயரத்தை

சுவிட்சர்லாந்து நாட்டின் உளவியல் அறிஞர் ஜீன் பியாஜே (1896–1980) குழந்தைகளின் சிந்தனையைத் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். அலினா ஜெமின்ஸ்கா என்பவருடன் சேர்ந்து 1941இல் அவர் வெளியிட்ட நூலில் ஓர் எளிய சோதனை விவரிக்கப்பட்டுள்ளது. ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சம உயரத்துக்குத் திரவம் ஊற்றப்படுகிறது. இரண்டிலும் சமமாக இருப்பதைக் குழந்தை ஒப்புக்கொள்கிறது. பிறகு ஒரு குவளையிலுள்ளதை, குழந்தையின் கண்ணெதிரிலேயே, ஒடுங்கி உயர்ந்த வேறொரு குவளையில் ஊற்றுகிறார்கள். “இப்போது எதில் அதிகம்?” என்று கேட்டால், நான்கைந்து வயதுக் குழந்தை தயங்காமல் உயர்ந்த குவளையையே காட்டுகிறது. ஏறக்குறைய ஆறேழு வயதில்தான், “எதையும் சேர்க்கவுமில்லை, எடுக்கவுமில்லை, ஆகவே இரண்டும் சமம்” என்ற விடை வருகிறது.

ஏன் இப்படி? பாத்திரத்துக்கு உயரமும் உண்டு, அகலமும் உண்டு. ஒன்று கூடும்போது மற்றது குறையக்கூடும். இரண்டையும் ஒரே சமயத்தில் மனத்தில் நிறுத்தி ஈடுகட்டிப் பார்ப்பது சிறு குழந்தைக்கு எளிதன்று. எனவே எது முனைப்பாகத் தெரிகிறதோ அதைக் கொண்டே முடிவு செய்கிறது. பெரும்பாலும் முனைப்பாகத் தெரிவது உயரமே.

பெரியவர்களாகிய நாமும் இதில் பெரிதாகத் தேறிவிட்டதாகச் சொல்லமுடியாது. ஒரு கணக்கைப் பாருங்கள். உள்விட்டம் 6 செ.மீ. உள்ள டம்ளரில் 12 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் இருக்கிறது. அதை 12 செ.மீ. விட்டமுள்ள நேர்ச்சுவர்க் கிண்ணத்தில் ஊற்றினால் எவ்வளவு உயரம் நிற்கும்? ‘விட்டம் இருமடங்கு, ஆகவே உயரம் பாதி, அதாவது 6 செ.மீ.’ என்று பலர் சொல்வார்கள். அது தவறு. விட்டம் இருமடங்கானால் அடிப்பரப்பு நான்கு மடங்காகிறது. ஆகவே தண்ணீர் 3 செ.மீ. உயரமே நிற்கும். இரண்டிலும் இருப்பது அதே 340 மில்லி லிட்டர் அளவுதான். கழுத்து வரை நின்றது அடியில் கிடக்கிறது! சட்டியைப் பார்த்துத் தம்பி மனம் நொந்ததில் வியப்பென்ன?

ஊற்றுவது யார் கை?

பியாஜேயின் சோதனைக்குப் பின்னர் உலகின் பல பகுதிகளில் அதே வினா வெவ்வேறு விதமாகக் கேட்கப்பட்டது. அவற்றுள் சில, கற்பிப்போருக்கு மிகவும் பயன்படுபவை.

அமெரிக்க உளவியலறிஞர் ஜெரோம் புரூனரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1960களில் குவளைகளின் முன்னே ஒரு திரையை வைத்தார்கள். குவளைகளின் மேல்விளிம்பு மட்டுமே தெரியும்; நீர்மட்டம் தெரியாது. திரைக்குப் பின்னால் நீரை ஊற்றிவிட்டு, “இப்போது எதில் அதிகம்?” என்று கேட்டபோது, முன்பு தவறிய குழந்தைகளில் பலர் “அதே தண்ணீர்தானே!” என்று சரியாகச் சொன்னார்கள். திரையை எடுத்ததும் நான்கு வயதினர் மீண்டும் கண்ணுக்கே கட்டுப்பட்டார்கள். ஐந்து வயதினரிலோ பெரும்பாலோர் தங்கள் சொல்லில் உறுதியாக நின்றார்கள். பார்ப்பதற்கு முன்னால் எண்ணிப் பார்க்கச் செய்தால் எண்ணம் வலுப்பெறுகிறது என்பது இதனால் விளங்குகிறது.

பெட்ரீஷியா கிரீன்ஃபீல்ட் என்னும் ஆய்வாளர் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் வோலோஃப் இனக் குழந்தைகளிடையே இதே சோதனையை நடத்தி 1966இல் முடிவுகளை வெளியிட்டார். பள்ளிக்குச் செல்லாத குழந்தைகள் சிலர், தண்ணீர் கூடியதற்கு அதை ஊற்றியவரே காரணம் என்று கருதினார்கள். பெரியவர் ஊற்றினார், ஏதோ செய்துவிட்டார் என்பது அவர்கள் எண்ணம். குழந்தைகளையே ஊற்றச் சொன்னபோது நிலைமை மாறியது. தன் கையால் ஊற்றிய குழந்தைக்குத் தான் எதையும் கூட்டவில்லை என்பது தெரியுமல்லவா? சரியான விடைகள் பெருகின.

மெக்சிகோவில் மண்பாண்டம் வனையும் குடும்பங்களின் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 1969இல் வெளிவந்தது. களிமண் உருண்டையை நீட்டினாலும் தட்டினாலும் மண்ணின் அளவு மாறாது என்பதை, வேறு குடும்பத்துக் குழந்தைகளைவிட அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். மண்ணைப் பிசைந்த கைகள் அவர்களுக்கு ஆசானாக இருந்தன.

வினாவைக் கேட்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ரோஸ், பிளாங்க் என்ற இருவர் 1974இல் இதை எடுத்துக்காட்டினார்கள். மாற்றம் செய்வதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டால், ‘முதலில் சொன்னது தவறு போலும்’ என்று எண்ணிக் குழந்தை விடையை மாற்றிவிடுகிறது. இறுதியில் ஒருமுறை மட்டும் கேட்டால் தவறுகள் குறைகின்றன. வகுப்பில் “சரியா? நன்றாக யோசித்துச் சொல்!” என்று மிரட்டும் குரலில் நாம் மறுபடியும் கேட்கும்போதெல்லாம் இதை நினைவிற்கொள்வது நல்லது.

இவை யாவும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. கொள்ளளவை வாயால் சொல்லிக் கொடுக்கமுடியாது. குழந்தை முதலில் ஊகிக்கவேண்டும். பிறகு தானே ஊற்றிப் பார்க்கவேண்டும்.

பாட்டி வீட்டு அளவைகள்

நம் முன்னோரின் முகத்தலளவை இதற்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி அல்லது படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆழாக்கிலிருந்து படி வரை ஒவ்வொன்றும் முந்தியதன் இருமடங்காக அமைந்திருப்பதைக் கவனியுங்கள். எண் எழுத்து அறியாத குழந்தையும் ‘இதில் இரண்டு போட்டால் அது நிரம்பும்’ என்று அரிசியைக் கொட்டி விளையாடியே கண்டுகொள்ளும். பாதி, கால், அரைக்கால் என்னும் பின்னங்களும் அங்கேயே கிடைத்துவிடும்.

இந்த முறையில் ஒரு பெருங்குறையும் இருந்தது. ஊருக்கு ஊர் படியின் அளவு மாறியது. தலைதட்டி அளப்பது ஒரு வகை, கூம்பாகக் குவித்து அளப்பது வேறொரு வகை. வாங்குபவர் குவிக்கச் சொல்வார், விற்பவர் தட்டுவார். 1956இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1958 அக்டோபர் முதல் இந்தியாவில் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. படியின் இடத்தை லிட்டர் பெற்றது. பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள கனசதுரப் பெட்டி கொள்ளும் அளவே ஒரு லிட்டர். அது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஆனால் ஆயிரம் மில்லி லிட்டர் ஒரு லிட்டர் என்று ஒப்பிக்கும் மாணவனிடம் ஒரு சொம்பைக் காட்டி, “இது எவ்வளவு கொள்ளும்?” என்று கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள். வாய்ப்பாடு வந்தது, கை மதிப்பு வரவில்லை.

ஐந்து படிகள்

கையால் செய்து கற்கும் முறைக்கு இந்தப் பகுதியுடன் பழைய உறவு உண்டு. மேல்விஷாரம் 2019 முதல் இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது. அதற்கு முன் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1990களில் அம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த எம். பி. விஜயகுமார், கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளிகளில் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியினரின் செயல்முறைக் கல்வியைப் பின்பற்றச் செய்தார். பின்னர் அவர் சென்னை மாநகராட்சியில் பொறுப்பேற்றபோது, 2003இல் அம்முறை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. சில ஆண்டுகளில் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் மாநிலமெங்கும் பரவியது. 2022இல் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளைச் செயல்பாடுகள் மூலமாகவே கற்கவைக்க முனைகிறது.

கொள்ளளவைக் கற்பிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். டம்ளர், சொம்பு, தூக்கு, கிண்ணம், வாளி ஆகியவை போதும். பின்வரும் ஐந்து படிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கச் செய்யலாம். ஒரே நாளில் அல்ல; ஒவ்வொன்றுக்கும் சில நாட்கள் கொடுங்கள்.

முதற்படி, நேரடியாக ஒப்பிடுதல். இரண்டு பாத்திரங்களைக் கொடுத்து, எது அதிகம் கொள்ளும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒன்றை நிரப்பி மற்றதில் ஊற்றட்டும். வழிந்தால் முதலாவது பெரியது. இடம் மிஞ்சினால் இரண்டாவது பெரியது. ஒடுங்கி உயர்ந்தது ஒன்று, குட்டையாய் அகன்றது ஒன்று எனத் தேர்ந்தெடுப்பது முக்கியம். அப்போதுதான் வியப்பு உண்டாகும். வியப்பிலிருந்து கேள்வி பிறக்கும்.

இரண்டாம் படி, பொதுப் பாத்திரத்தின் துணை. பள்ளியிலுள்ள பானையையும் வீட்டிலுள்ள வாளியையும் ஒன்றில் ஒன்று ஊற்றிப் பார்க்கமுடியாது. இரண்டையும் ஒரே சொம்பால் அளக்கலாமே! ‘பானை பதினொரு சொம்பு, வாளி ஒன்பது சொம்பு’ என்றால் விடை கிடைத்துவிடுகிறது. அளவை என்ற ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பது குழந்தைக்கு இங்கே புரிகிறது.

மூன்றாம் படி, அலகை மாற்றுதல். ஒரே வாளியை ஒரு குழந்தை சொம்பாலும் இன்னொரு குழந்தை டம்ளராலும் அளக்கட்டும். ஒருவருக்கு ஒன்பது வரும். மற்றவருக்கு நாற்பதுக்கு மேலும் வரலாம். “வாளி பெரிதாகிவிட்டதா?” என்று கேளுங்கள். அலகு சிறிதானால் எண்ணிக்கை பெருகும் என்பதைக் குழந்தையே சொல்லட்டும். எல்லோருக்கும் பொதுவான அலகு வேண்டும் என்ற முடிவுக்கும் அது தானே வந்து சேரும்.

நான்காம் படி, மதிப்பிடுதல். ஊகத்தை முதலில் பலகையில் எழுதிவிடவேண்டும். “ஐந்து டம்ளரா, இருபதா, நூறா?” என்று எல்லை காட்டித் தொடங்கலாம். மூன்று டம்ளர் ஊற்றியதும் நிறுத்தி, நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். “இப்போது உன் மதிப்பை மாற்ற விரும்புகிறாயா?” என்று கேளுங்கள். முதல் மதிப்பு தவறியதற்காகக் கடியவேண்டாம். இரண்டாம் மதிப்பு உண்மையை நெருங்கி வந்தால் அதைப் பாராட்டுங்கள். அடி அகன்று வாய் ஒடுங்கிய பாத்திரமாயின் நீர்மட்டம் வரவர விரைவாக ஏறும். இதைக் கண்டுபிடிக்கும் குழந்தை ஒரு சிறிய விஞ்ஞானியே.

ஐந்தாம் படி, லிட்டருக்கு வருதல். மருந்துப் புட்டியுடன் வரும் மூடியில் 5 மில்லி லிட்டர்க் கோடு இருக்கும். பால் பாக்கெட் அரை லிட்டர். பெரிய தண்ணீர்ப் புட்டி ஒரு லிட்டர். இவற்றைக் கையில் ஏந்திப் பழகிய குழந்தைக்கு அவையே மனத்தில் பதிந்த அளவுகோல்களாகிவிடும். ஒரு குடத்தைக் கண்டால், ‘பதினைந்து புட்டி கொள்ளுமா?’ என்று அது தானாகவே எண்ணத் தொடங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். தண்ணீருக்குத் தட்டுப்பாடு உள்ள நாளில் மணலையோ கேழ்வரகையோ பயன்படுத்தலாம்; தண்ணீரானால் கீழே அகன்ற தாம்பாளம் வைத்து, மிஞ்சியதைச் செடிக்கு ஊற்றலாம். தோல் தொழிற்சாலைகள் உள்ள ஊர்களில் மற்றொன்றிலும் விழிப்பாக இருக்கவேண்டும். ரசாயனம் இருந்த கேன்களையும் டப்பாக்களையும், எத்தனை முறை கழுவியிருந்தாலும், குழந்தைகளிடம் கொடுக்கக்கூடாது.

ஒரே தோல், இரண்டு பைகள்

சற்று வளர்ந்த மாணவர்களுக்கு ஒரு புதிர். தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பதை இப்பகுதி மாணவர்கள் அறிவார்கள். ஒரே பரப்புள்ள இரண்டு செவ்வகத் தோல் துண்டுகளை எடுத்து, ஒன்றை நெடுக்காகவும் மற்றதைக் குறுக்காகவும் சுருட்டிக் குழல் வடிவப் பைகளாகத் தைத்தால், இரண்டும் ஒரே அளவு கொள்ளுமா? ‘தோல் ஒன்றுதானே, ஆகவே கொள்ளளவும் ஒன்றுதான்’ என்று தோன்றும்.

தோலுக்குப் பதில் காகிதத்தால் செய்து பாருங்கள். 21 செ.மீ. அகலமும் 29.7 செ.மீ. நீளமும் உள்ள ஏ-4 தாள்கள் இரண்டு போதும். ஒன்றை உயர்ந்த குழலாகவும் மற்றதைக் குட்டைக் குழலாகவும் சுருட்டி, விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒட்டுங்கள். குட்டைக் குழலைத் தட்டில் நிறுத்தி, அதனுள்ளே உயர்ந்த குழலை நிறுத்துங்கள். உள்குழலில் பொரியை நிரப்புங்கள். பிறகு உள்குழலை மெல்ல மேலே உருவுங்கள். பொரி சரிந்து குட்டைக் குழலில் பரவும். ஆனால் அதை நிரப்பாது! உயர்ந்த குழலின் கொள்ளளவு ஏறத்தாழ 1,040 கன செ.மீ.; குட்டைக் குழலுக்கோ 1,470 கன செ.மீ.

இத்தாலிய விஞ்ஞானி கலீலியோ 1638இல் வெளியிட்ட ‘இரண்டு புதிய விஞ்ஞானங்கள்’ என்ற நூலில், ஒரே துணியால் தைத்த இரண்டு சாக்குகளைக் கொண்டு இதே உண்மையை விளக்கியிருக்கிறார். இரு குழல்களின் கொள்ளளவும் அவற்றின் உயரங்களுக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். ஐந்து வயதுத் தம்பியைச் சிரித்தவர்கள், இந்தச் சோதனைக்குப் பிறகு சற்று அடக்கமாக இருப்பார்கள்.

கை மதிப்பின் விலை

இதெல்லாம் விளையாட்டுத்தானே என்று கேட்கலாம். விளையாட்டுத்தான், ஆனால் அதன் பயன் விளையாட்டன்று. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலை எண்ணிப் பாருங்கள். ஒரு லிட்டர் நீரில் கரைக்கவேண்டிய பொட்டலத்தை இரண்டு டம்ளர் நீரில் கரைத்துவிட்டால் உப்பு மிகுந்து கேடு விளையும். நீர் மிகுந்தால் பயன் குறையும். பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. தன் வீட்டுப் பாத்திரங்களுள் ஒரு லிட்டர் கொள்வது எது என்பதும் தெரிந்திருக்கவேண்டும்.

இனி ஊரைப் பாருங்கள். ஒரு கிலோகிராம் பச்சைத் தோலைப் பதனிட வழக்கமான முறையில் 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகிறது என்பது தோல் தொழிலில் பரவலாக வழங்கும் கணக்கு. பதினைந்து லிட்டர்க் குடத்தால் அளந்தால் அது இரண்டு குடத்துக்குக் குறையாது. ஆலைகளின் கழிவுநீரால் பாலாற்றுப் படுகைக்கு நேர்ந்த கேட்டைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புக் கூறவேண்டியதாயிற்று. நீரின் அளவைப் பற்றிய செய்திகள் எல்லாம் லிட்டரிலும் இலட்சம் லிட்டரிலும் வெளிவருகின்றன. லிட்டர் என்றால் கைக்கு எவ்வளவு என்று அறியாதவருக்கு அவை வெறும் எண்கள். குடத்தால் எண்ணப் பழகியவருக்கோ அவை, ஆற்றிலிருந்து எடுத்த நீராகவும் ஆற்றில் விட்ட நீராகவும் தெரியும்.

மீண்டும் கஞ்சி வரிசைக்கு வருவோம். அக்காள் வீட்டுக்குப் போனதும் தம்பியிடம் வாதாடத் தேவையில்லை. சட்டியையும் தூக்கையும் ஒரு டம்ளரையும் தண்ணீர்த் தொட்டியருகே வைத்து, “நீயே மூணு மூணு டம்ளர் ஊத்திப் பாரு” என்று சொன்னால் போதும். ஒருமுறை ஊற்றியதும் அவன் நம்பாமல் போகலாம். மறுநாளும் ஊற்றட்டும். அடுத்த வாரம் வரிசையில் நிற்கும்போது அவன் பக்கத்துத் தூக்கைப் பார்க்கமாட்டான். கரண்டியை எண்ணத் தொடங்கியிருப்பான்.